பதினாறு கோப்பு, பதினைந்து குரல்: ஒரு பாடகர் குழுவின் பயணக் குறிப்புகள்

கிளம்புவதற்கு முந்தின இரவு

பாடகர் குழு வெளியூர் கிளம்புகிறது என்றால் முதலில் சரிபார்க்க வேண்டியது பாட்டு அல்ல, லீவு. இந்தக் குழுவில் பாட்டுக்குச் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. செவிலியர் இருவர், ஆசிரியர் மூவர், லாரி ஓட்டுநர் ஒருவர், நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிறவர்கள் நால்வர், ஓய்வு பெற்றவர்கள் மூவர், கைக்குழந்தைக்காரர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். மொத்தம் பதினாறு. சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) ஐந்து, ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) ஐந்து, டெனர் (உயர்ந்த ஆண்குரல்) மூன்று, பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) மூன்று. உலகத்தில் எந்தச் சிறு குழுவை எடுத்தாலும் டெனருக்குத்தான் பஞ்சம். இங்கே மூன்று பேர் இருப்பதே பெரிய விஷயம்.

இரவு எட்டு மணிக்கு அந்த மூன்றும் இரண்டாகிவிட்டது. டெனர் பாடும் செவிலியருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது.

மூன்று பேர் பாடிய வரியை (ஒரு குரலுக்கென்று எழுதிய மெட்டை) இரண்டு பேர் பாடினால் சத்தம் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு வரியை ஒருவர் பாடலாம், மூவர் பாடலாம். இருவர் பாடுவதுதான் கஷ்டம். இரண்டு குரலுக்கு நடுவே சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் அது அதிர்வாக, ஒரு நடுக்கமாகக் காதில் விழும். மூன்றாவது குரல் சேர்ந்ததும் அந்த நடுக்கம் மங்கிவிடும். மூச்சுக்கும் இதே கதைதான். மூன்று பேர் இருந்தால் ஒருவர் மூச்சு எடுக்கும்போது இருவர் பாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் என்றால் ஒரே குரல்தான் மிஞ்சும், ஓட்டை வெளியே தெரியும்.

அதனால் ஆல்டோவில் கீழ்க்குரல் உள்ள ஒருவரை டெனருக்கு மாற்றினோம். நடு ஸி-க்கு (கீபோர்டின் நடுவிலுள்ள ஸி ஸ்வரம்) கீழே இருக்கும் ஜி வரை அவருக்குச் சிரமமில்லை. அதற்கும் கீழே வரி இறங்கும் இடங்களில் அவர் வாயை மூடிக்கொள்வதே மேல். அந்த ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடினால் ஆல்டோ வரியின் மேல் ஏறி உட்கார்ந்து, ஸ்வரக்கூட்டின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) அடுக்கே குலைந்துவிடும். ஒரு இடத்தில் யாராலும் எட்ட முடியவில்லை, எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் பஞ்சமத்தை விடலாம். காந்தாரத்தை மட்டும் விடக் கூடாது. பாட்டு மேஜரா மைனரா (மேற்கத்திய இசையின் இரண்டு ஸ்வர வரிசைகள்) என்று காதுக்குச் சொல்வதே அதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. டெனருக்கு உச்சியில் வரும் ஸ்வரம் ஆல்டோவுக்கு நடுக்குரல். ஆண்குரலில் முறுக்கேறிப் பளிச்சென்று வந்த இடம் பெண்குரலில் சாதாரணமாக வந்து போகும். அதற்காக அவரை அழுத்திப் பாடச் சொன்னால் இரண்டாவது நாளே தொண்டை போய்விடும். சுற்றியிருக்கிற குரல்களை அந்த இடத்தில் ஒரு படி இறக்குவதுதான் வழி.

முதல் நாள்: பேருந்து

ஐந்து மணி நேரப் பயணம். முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: பேருந்திலும் நடத்துநர், குழுவிலும் நடத்துநர். இந்தக் குறிப்புகளில் நடத்துநர் என்றால் கையசைப்பவர், டிக்கெட் கொடுப்பவர் அல்ல.

பாடகர்களின் குரல் மேடையில் கெடுவதை விட வண்டியில்தான் அதிகம் கெடுகிறது. சுற்றிலும் இரைச்சல் ஏறினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்திப் பேசுவார். எத்தியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை எழுதிவைத்தார், அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. எஞ்சின் சத்தம், டயர் சத்தம், முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்கு அரட்டை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தொண்டை கரகரக்கும்போது 'ஏசி ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள். ஏசி காற்று உலர்ந்ததுதான், ஆனால் பாதிக் குற்றம் அரட்டையுடையது. குரல்நாண்கள் நடு ஸி-க்கு மேலுள்ள ஏ ஸ்வரத்தில் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன, நிமிடத்துக்கு 26,400 முறை. பேச்சில் எண்ணிக்கை இதை விடக் குறைவு, ஆனால் கத்திப் பேசும்போது ஒவ்வொரு மோதலும் பலமாக விழும்.

எனவே விதி: பக்கத்து இருக்கையோடு மட்டும் பேச்சு. பேருந்தில் பாட்டு கிடையாது. இதைக் கேட்டதும் எல்லார் முகமும் சுருங்கும், பரவாயில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. குரல்நாண் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. தொட்டால் புரையேறும். உடம்பு முழுக்க ஈரம் ஏறின பிறகுதான் அங்கேயும் ஏறும். மேடை ஏறுமுன் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தால் வயிறு கனக்கும், வேறு பலன் இல்லை. காலையிலிருந்தே வாய் வாயாகக் குடித்துவர வேண்டும். செருமுவதும் கூடாது. செருமல் என்பது இரண்டு நாணையும் ஓங்கி அறைவது. எச்சில் விழுங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இறங்கியதும் பாட்டுத்தாள் கோப்புகளை எண்ணினோம். பாடகர்களுக்குப் பதினாறு, உபரி இரண்டு, ஆகப் பதினெட்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் எண். பெட்டியில் பதினேழு இருந்தது. வராத டெனரின் 13ஆம் எண் கோப்பு அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. தாள் உபரியில் இருக்கிறது, ஆனால் பென்சில் குறிகள் இல்லை. யார் எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லை எந்த எண்ணிக்கையில் முடிப்பது, எங்கே பக்கத்து ஆளைப் பார்ப்பது என்பதெல்லாம் அந்தக் குறிகளில்தான் இருக்கும். ஆல்டோவிலிருந்து டெனருக்கு வந்தவர் பக்கத்து டெனரின் குறிகளை அப்படியே பார்த்து எழுதினால் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பார்கள். ஆகவே மூன்று கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, நீண்ட ஸ்வரங்களில் மூச்சு இடங்களைத் தள்ளித் தள்ளிக் குறிக்க வேண்டியதாயிற்று. இரண்டு விதிகள்: பக்கத்து ஆள் எடுத்த இடத்தில் எடுக்காதே; சொல்லின் நடுவில் எடுத்தாலும் எடு, சொற்களுக்கு இடையில் எடுக்காதே. இரண்டாவது விதி விநோதமாகத் தோன்றும். ஆனால் சொல் முடிகிற இடத்தில் எல்லாருக்குமே மூச்சு வாங்கத் தோன்றுவதால் ஓட்டை அங்கேதான் விழும். எப்போதும் பென்சில், பேனா கூடாது. ஏன் என்று மூன்றாம் நாள் தெரிந்தது.

இரண்டாம் நாள்: கல் மண்டபம்

முதல் கச்சேரி ஒரு பழைய கல் மண்டபத்தில். உயரமான கூரை, வழவழப்பான தரை, திரைச்சீலை எதுவும் இல்லை. உள்ளே போனதும் ஒருமுறை கை தட்டி, ஒலி அடங்கும் வரை எண்ண வேண்டும். நான்கு நொடி வந்தது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் ஹார்வர்டில் இருந்த இயற்பியலாளர் வாலஸ் செபைன். ஒரு விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கச் சொல்லி 1895இல் அவரிடம் விட்டார்கள். அவர் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து போட்டும் எடுத்தும், ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். சூத்திரம் எளியது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். 3,000 கன மீட்டர் மண்டபம், உறிஞ்சும் பரப்பு 120 சதுர மீட்டர் என்றால் விடை நான்கு நொடி. அதில் இருநூறு பேர் வந்து உட்கார்ந்தால்? ஒரு ஆள் அரை சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குவதாக வைத்துக்கொண்டால் பரப்பு 220 ஆகும், நேரம் 2.2 நொடிக்கு இறங்கும். காலியான மண்டபத்தில் ஒத்திகை பார்த்து வேகத்தை முடிவு செய்கிற குழு மாலையில் ஏமாறுவது இதனால்தான். அதற்காக இரண்டு வேகம் தயார் செய்துகொண்டோம், ஒன்று நிறைந்த மண்டபத்துக்கு, ஒன்று பாதி மண்டபத்துக்கு. எதைப் பாடுவது என்பதை நடத்துநர் மேடைக்கு வந்து தலைகளைப் பார்த்த பிறகு முடிவு செய்வார்.

முழக்கம் அதிகமுள்ள இடத்தில் உயிரெழுத்து பிழைத்துக்கொள்ளும், மெய்யெழுத்துதான் மூழ்கும். அதனால் மெய்யைத் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டு, உயிர் சரியாகத் தாளத்தில் விழும்படி செய்ய வேண்டும். 'ஸ்' என்ற ஒலியை ஆளுக்கு ஒரு நேரத்தில் விட்டால் பாம்புப் புற்று மாதிரி சீறும். சோப்ரானோவில் இரண்டு பேர் மட்டும் சொன்னால் போதும், மற்றவர்கள் விழுங்கிவிடலாம். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

தமிழில் பாடும்போது இன்னும் இரண்டு சிக்கல். 'பட்டம்', 'அப்பா' போன்ற சொற்களில் நடுவே ஒலி நின்று திறக்கிறது. கல் மண்டபத்தில் அந்த நிறுத்தத்தை முழக்கம் நிரப்பிவிடும், அழகாகக்கூட இருக்கும். முழக்கம் இல்லாத அரங்கில் அதுவே பள்ளம். அடுத்தது குறில் நெடில். நீண்ட ஸ்வரத்தில் 'கல்' வந்தால் பதினைந்து பேரும் இழுத்து அதைக் 'கால்' ஆக்கிவிடுவார்கள். வழி இருக்கிறது: குறிலைச் சீக்கிரம் முடித்துவிட்டு 'ல்' மேல் நிற்பது. ம், ன், ல், ர் மேல் நின்று பாடலாம். ட், ப், க் மேல் நிற்க முடியாது. அப்படிப்பட்ட சொல் நீண்ட ஸ்வரத்தில் வந்தால் அது மெட்டமைத்தவரின் தப்பு, பாடுபவர் சமாளித்துத்தான் ஆக வேண்டும்.

சுருதி கொடுப்பது இசைக்கவையால் (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை). முழங்காலில் தட்ட வேண்டும், கல்லிலோ இரும்பிலோ தட்டினால் நாளடைவில் கவை கெடும். அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தால் நடத்துநருக்கு மட்டும் கேட்கும். பிறகு பாஸிலிருந்து மேலே ஒவ்வொரு வரிக்கும் மெல்ல முனக வேண்டும். கைப்பேசிச் செயலியிலும் சுருதி கிடைக்கும்தான். கச்சேரி நடுவில் யாராவது அழைத்தால் அந்த அழைப்பும் கிடைக்கும்.

முதல் மூச்சை எல்லாரும் சேர்ந்து, பாட்டின் வேகத்திலேயே எடுக்க வேண்டும். கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாகவே ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். காரணம் மந்திரமில்லை, மூச்சுதான்: வெளிவிடும்போது துடிப்பு தணியும், இழுக்கும்போது ஏறும். பாட்டின் வரிகள் எல்லாருடைய மூச்சையும் ஒரே அச்சில் போடுகின்றன.

மூன்றாம் நாள்: திரைச்சீலை அரங்கு

நேற்றைக்கு நேர் எதிர். கம்பளம், திரை, மெத்தை இருக்கை. கைதட்டினால் தட்டியதோடு சரி. இங்கே யாருக்கும் யாரும் கேட்காது. தான் மட்டும் தனியாகப் பாடுவது போலத் தோன்றும், உடனே எல்லாரும் அழுத்திப் பாட ஆரம்பிப்பார்கள், சுருதி இறங்கும். முழக்கமுள்ள இடத்தில் ஒருவருக்கொருவர் அரை மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கலாம், தன் குரல் தனக்குத் தெளிவாகக் கேட்கும். இங்கே அதைப் பாதியாக்கி, வில் மாதிரி வளைந்து, ஓரத்தில் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற அளவுக்கு நின்றோம். பாஸ் நடுவில் பின்வரிசை, டெனர் அதன் பக்கத்தில்.

ஒத்திகையில் நாலு நிமிடப் பாட்டு முடிந்ததும் கவையை வைத்துப் பார்த்தால் கால் ஸ்வரம் இறங்கியிருந்தது. சுருதி ஒரே இடத்தில் பொத்தென்று விழுவதில்லை, கசிகிறது. கசியும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். ஒரே ஸ்வரம் ஐந்தாறு முறை திரும்ப வரும் இடம்: ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சோம்பல். இறங்கும் வரிசை: ஒவ்வொரு படியையும் கொஞ்சம் பெரிதாக இறங்குவது. ஏறும் வரிசை: ஒவ்வொரு படியையும் கொஞ்சம் சின்னதாக ஏறுவது. எனவே நடத்துநர் தாளில் குறிக்கச் சொன்னது மூன்றே குறி: திரும்ப வரும் ஸ்வரத்தின் மேல் மேல்நோக்கிய அம்பு, இறங்கும் வரிசையில் 'சின்னப் படி', ஏறும் வரிசையில் 'பெரிய படி'. கூடவே மூச்சு இடங்கள் ஏழு மாறின, ஏனென்றால் நேற்று முழக்கம் மூடிமறைத்த மூச்செல்லாம் இன்று அம்மணமாக நின்றது. பேனாவால் எழுதியிருந்தால் தாள் இப்போது குப்பை.

காந்தாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீபோர்டில் அது ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட் (அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்த அளவு) தூரம். இயற்கையாக இசைந்து நிற்கும் அந்தர காந்தாரம் சுமார் 386. தம்பூராவைக் கூர்ந்து கேட்டால் தானாக எழுகிற காந்தாரம் அதுதான். வாத்தியம் இல்லாமல் பாடும்போது குழு தானாகவே அதை நோக்கிச் சாயும், சாயவும் விடலாம். கீபோர்டு கூட வரும் பாட்டில் அப்படிச் சாய்ந்தால் இறங்கின மாதிரி கேட்கும். அதனால் இரண்டு வகைப் பாட்டையும் மாற்றி மாற்றி அடுக்காமல், வாத்தியமில்லாதவற்றை ஒரு தொகுப்பாக வைப்பது நல்லது. அப்படியும் ஒரு பாட்டு தொடர்ந்து இறங்கினால் அதை அரை ஸ்வரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றினால் இன்னும் கஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் குரல் மாறுகிற தொந்தரவான இடத்திலிருந்து சோப்ரானோ வரி தப்பிவிட்டால் இறங்குவது நின்றுவிடும்.

இங்கேதான் அவரவர் பிழைப்பும் குரலில் தெரிய ஆரம்பிக்கிறது. ஆசிரியர்கள் வருடம் முழுக்க ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு கத்திவிட்டு வருகிறவர்கள். குரல் கெடுவதில் அவர்கள் தொழிலுக்கு எப்போதும் முன்வரிசை. அவர்களுக்கு உறிஞ்சுகுழல் பயிற்சி: ஐந்தாறு மில்லிமீட்டர் குழலைத் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வைத்து, உதட்டால் இறுக்கிக்கொண்டு, கீழிருந்து மேலே 'ஊ' என்று குமிழி விட்டபடி சறுக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். எதிரழுத்தம் குரல்நாண்கள் அறைந்துகொள்வதைத் தடுக்கிறது. குமிழி விட்டுவிட்டு வந்தால் ஊதல் சீராக இல்லை என்று அர்த்தம். கணினிக்காரர்கள் மோவாயை முன்னே நீட்டி நிற்பார்கள். கோப்பைக் கண் உயரத்துக்குத் தூக்கச் சொன்னாலே பாதி சரியாகும். ஓட்டுநருக்குத் தோள் இறங்காது, அவரை உட்காரவிடாமல் நடக்கவிட்டுக் குரலைத் திறக்க வேண்டும். பிரசவமாகிச் சில மாதமே ஆனவருக்கு வயிற்றுத் தசையின் பிடி இன்னும் திரும்பியிருக்காது. நீண்ட வரிகளில் அவருக்கு மூச்சுக்குறி இரண்டு மடங்கு. இரவுப்பணி முடித்து வந்த செவிலியருக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், தூக்கம்தான் வேண்டும்.

வயதானவர்களின் குரலில் வரும் ஆட்டத்துக்கு 'ஆடாமல் பாடுங்கள்' என்று சொன்னால் கழுத்தை இறுக்குவார்கள், இன்னும் ஆடும். சத்தத்தைக் குறைத்துப் பாடச் சொன்னால் ஆட்டமும் குறையும். பதின்மூன்று வயதுப் பையனின் குரல் உடைந்துகொண்டிருக்கிறது; கடைசியில் ஒரு ஸ்தாயி அளவுக்கு இறங்கும். போன மாதம் எட்டிய ஸ்வரம் இந்த மாதம் இல்லை. ஆல்டோ வரியில் அவனால் எட்ட முடிகிற ஐந்தாறு ஸ்வரங்களை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்து, மற்ற இடங்களில் சும்மா நிற்க அனுமதி. குரல் பிசிறினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு விதிதான்.

நான்காம் நாள்: திறந்தவெளி

சுவர் இல்லை, கூரை இல்லை, எனவே திரும்பி வருகிற ஒலியும் இல்லை. காற்று தாளைப் புரட்டும். ஒரு கோப்புக்கு இரண்டு துணிக் கிளிப் கணக்கு. சூரியன் பாடகர் கண்ணில் அடித்தால் நடத்துநர் கை தெரியாது. நடத்துநர் கண்ணில் அடித்தால் அவர் சமாளித்துக்கொள்ளட்டும்.

ஒலிபெருக்கிக்காரர்கள் ஆளுக்கொரு மைக் கொடுக்கத் துடிப்பார்கள். மறுக்க வேண்டும். பதினைந்து பேருக்கு ஒரு மைக் போதும்: முன்வரிசைக்கு முக்கால் மீட்டர் முன்னே, பின்வரிசைத் தலைக்கு முக்கால் மீட்டர் மேலே, பின்வரிசையைப் பார்த்தபடி சாய்வாக. முன்வரிசைக்காரர்கள் குரல் எப்படியும் கேட்கும். இரண்டு மைக் வைத்தே ஆக வேண்டும் என்றால், பாடகருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டிலும் கொஞ்சம் முன்பின்னாக விழுந்து, குகைக்குள் பேசுவது போலப் பொள்ளலாகக் கேட்கும். மைக்குகள் கூடக் கூட ஊளையும் சீக்கிரம் கிளம்பும்.

வெயிலில் நிற்பவர் மயங்கி விழுவதற்குப் பல நேரம் முழங்காலும் ஒரு காரணம். விறைத்து நின்றால் காலில் ரத்தம் தேங்கி மூளைக்குக் குறையும். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டுக்குப் பாட்டு எடையைக் கால் மாற்றி நிற்க வேண்டும். தலை சுற்றினால் சமாளிக்கப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடலாம். பக்கத்து ஆள் பாடிக்கொண்டே கையைப் பிடிக்க வேண்டும். யார் யாரைப் பிடிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்தது.

டெனருக்குப் போன ஆல்டோவின் குரல் இன்று களைத்துவிட்டது. நான்கு நாளாகத் தன் குரலின் அடித்தளத்திலேயே பாடுகிறார். கடைசி இரண்டு பாட்டில் அவரைப் பழைய வரிக்கே திருப்பி, பாஸில் மேல்குரல் உள்ள ஒருவரை டெனருக்கு ஏற்றினோம். இந்த மாற்றத்தையும் முதல் நாளே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். பார்க்காததால் ஒரு நுழைவு தவறியது.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

பேருந்தில் இன்று விதி தேவையில்லை, பாதிப் பேர் தூக்கம். விழித்திருப்பவர்கள் குரலுக்கு ஓய்வு என்று ரகசியம் பேசுகிறார்கள். பலர் ரகசியம் பேசும்போது தொண்டையை இன்னும் இறுக்குவார்கள், அது ஓய்வாகாது. பேசாமலே இருக்கலாம், இல்லை மெல்லிய சொந்தக் குரலில் பேசலாம். நாளை காலை ஆசிரியர்களுக்கு முதல் வகுப்பு இருக்கிறது.

கோப்புகள் பதினேழும் எண்ணி ஆயிற்று. 13 மட்டும் இன்னும் டெனர் வீட்டில். அதில் இருப்பது பழைய குறிகள். ஏழு மூச்சு இடமும் அம்புகளும் அதில் ஏறவில்லை. வியாழன் ஒத்திகைக்கு அவர் கால் மணி நேரம் முன்னால் வர வேண்டும், பென்சிலோடும் அழிப்பானோடும். வியாழன் அவருக்கு இரவுப்பணி இல்லை என்று உறுதி செய்தாகிவிட்டது.